ஹாக்லரும் கொலோவ்கினும் மோதினால், கல்லீரல் யார் பக்கம்?

நடக்கவே முடியாத குத்துச்சண்டை இது. அமெரிக்க வீரர் மார்வின் ஹாக்லர் கடைசியாக ரிங்கில் இறங்கியது 1987 ஏப்ரல் 6. கஜகஸ்தானில், பின்னாளில் குத்துச்சண்டை வீரரான கெனாடி கொலோவ்கினுக்கு அன்று ஐந்து வயது நிரம்ப இரண்டே நாள் பாக்கி. ஆனாலும் இருவரும் ஆடிய மிடில்வெயிட் (சுமார் 72.5 கிலோ வரை) எடைப்பிரிவின் பிரியர்கள் இந்த வாதத்தை விடுவதாயில்லை. ஹாக்லரின் 62 வெற்றிகளில் 52 நாக்அவுட், கொலோவ்கினின் 42-ல் 37. அப்புறம் எப்படி விடுவது?

முதலில், குத்தின் பலம் கையில் பிறப்பதில்லை. பின்னங்கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் திரும்புகிறது, கடைசியில்தான் முஷ்டி. அது படும் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் இறுகியிருந்தால் உடம்பின் எடையும் சேர்ந்து இறங்கும். தளர்ந்திருந்தால் வெறும் கையின் எடைதான். 1985-ல் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்தார்கள்: நொடிக்கு 8.9 மீட்டர் வேகம், 4,096 நியூட்டன் விசை. 400 கிலோவுக்கு மேல் ஒரு பாரம் ஒரு கணம் அழுத்துவதற்குச் சமம். 72.5 கிலோ மிடில்வெயிட்டின் குத்து இதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் எதிரில் நிற்பவரும் அதே எடைதானே.

ஆளைச் சாய்ப்பது விசை மட்டுமல்ல, தலை சுழலும் வேகம். முகவாயின் ஓரத்தில் ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) விழுந்தால் மண்டையோடு சட்டெனத் திரும்பும், உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்கும். நரம்பிழைகள் முறுக்கி இழுபட, சமிக்ஞைகள் குழம்பி கால் துவண்டுவிடும். குத்து வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்து இறுகிக்கொள்ளும், தலை அவ்வளவாகச் சுழலாது. அதனால்தான் பார்க்காத குத்து மோசமானது.

இருவருமே பார்ப்பதில் கில்லாடிகள். கொலோவ்கின் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. ஹாக்லர் விழுந்தார் என்று நடுவர் எண்ணியது ஒரே முறை, 1984-ல் அர்ஜென்டினா வீரர் ஹுவான் ரோல்டானுடன் மோதியபோது. அதுவும் வழுக்கியதுதான் என்று அவர் சாதித்தார். எனவே தலையை விட்டுவிட்டு வயிற்றுக்கு வருவோம்.

கல்லீரல் நம் வலப்பக்க விலாவுக்குக் கீழே இருக்கிறது. அங்கே அடி விழுந்தால் தன்னிச்சை நரம்புகள் தூண்டப்பட்டு ரத்த அழுத்தம் சரியும். நினைவு தெளிவாக இருக்கும், ஆனால் எழுந்திருக்க முடியாது. 2013-ல் மேத்யூ மாக்லினை மூன்றாவது ரவுண்டில் கொலோவ்கின் சாய்த்தது உடம்பில் இறக்கிய இடது ஹூக்கால்தான். ஹாக்லரோ இடக்கை நிலையில் நிற்பவர், வலப்பக்கம் முன்னால் இருக்கும். அதாவது கல்லீரல் கொலோவ்கினின் இடக்கைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

ஹாக்லர் வலக்கை நிலைக்கு மாறத் தெரிந்தவர். மாறினால் கல்லீரல் பின்னால் போய்விடும், ஆனால் கொலோவ்கினின் ஜாபுக்கு (முன் கையால் நேராக விடும் குத்து) வழி திறந்துவிடும். 1987-ல் சுகர் ரே லியோனார்டுடன் நடந்த அந்தக் கடைசிச் சண்டையில் வலக்கை நிலையில் தொடங்கித்தான் ஆரம்ப ரவுண்டுகளைக் கோட்டைவிட்டார், நடுவர்களிடையே பிளவுபட்ட தீர்ப்பில் பட்டமும் போனது. மாறாமல் நின்றால் முன் கைகள் ஒன்றோடொன்று உரசி, கொலோவ்கினின் பிரதான ஆயுதமான ஜாப் பாதி மழுங்கிவிடும்.

நான் ஹாக்லர் பக்கம்தான், நாக்அவுட்டில் அல்ல, புள்ளிகளில். கல்லீரலைத் தேடி கொலோவ்கினின் இடக்கை கீழிறங்கும்போதெல்லாம் அவருடைய இடது தாடை காவலின்றி நிற்கும். ஹாக்லரின் வலது ஹூக் வரும் பாதை சரியாக அதுதான்.