கொட்டகைவீடு: ‘பார்ன்டோமினியம்’ என்ற சொல்லும் அதன் மதிப்பீடும்

அமெரிக்காவின் ஊர்ப்புறங்களில், மரத்தூண்களையோ எஃகுச் சட்டங்களையோ நிறுத்தி, கூரைக்கும் சுவருக்கும் உலோகத் தகடு அடித்து, ஒரு பகுதியில் குடியிருப்பும் மறுபகுதியில் பட்டறையோ வண்டி நிறுத்தும் இடமோ அமையும்படி கட்டப்படும் வீட்டுக்குப் ‘பார்ன்டோமினியம்’ என்று பெயர். பட்டறைப் பகுதி ஓங்கியிருந்தால் அதை ‘ஷவுஸ்’ என்பார்கள். ‘ஷாப்’, ‘ஹவுஸ்’ என்ற இரு சொற்களை ஒட்டியதால் வந்த பெயர் அது. முன்பாதியை ‘ஷெட்’ என்று கொள்வோரும் உண்டு.

‘பார்ன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வாற்கோதுமையையும் இருப்பிடத்தையும் குறித்த இரு சொற்கள் சேர்ந்து தேய்ந்த வடிவம். வாற்கோதுமை வைக்கும் இடம் என்பதே அதன் முதற்பொருள். ‘டோமினியம்’ இலத்தீனில் உடைமையைக் குறிக்கும். அதனால்தான் ஒரே கட்டடத்தைப் பலர் பங்கிட்டு உடைமை கொள்ளும் ஏற்பாடு ‘கான்டோமினியம்’, அதாவது இணையுடைமை, ஆயிற்று. 1989-இல் கனெக்டிகட் மாநிலத்தில் வீட்டுமனைத் தொழில் செய்த கார்ல் நில்சன் என்பவர், குதிரை வளர்ப்போர் தம் குதிரைகளுக்கு அருகிலேயே குடியிருக்கும் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு இந்த இரண்டையும் இணைத்துப் பெயர் சூட்டினார். பின்னர் அந்தத் திட்டப் பொருள் மறைந்து, தனித்து நிற்கும் தகட்டு வீட்டுக்கே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே இச்சொல்லின் பின்பாதி இன்று சொல்வது உண்மையன்று: இவ்வீட்டில் இணையுடைமை எதுவும் இல்லை. பேச்சில் இது பெரிய குறையில்லை என்றாலும், இணையுடைமை வீட்டுக்குத் தனி விதிகள் வைத்திருக்கும் கடன் துறையில் பெயரை நம்பி வகை பிரித்தால் தவறாகிவிடும்.

கடன் துறைக்கு உரிய தமிழ்ச் சொற்களில் ஒரு நயம் உண்டு. ‘இடு’ என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ‘ஈடு’ ஆகிறது. கடனுக்குப் பிணையாக வைக்கும் சொத்தும் ஈடுதான், மதிப்பு இடுவதால் வருவதும் மதிப்பீடுதான். ஈட்டுக்கடன் தருபவர் கேட்பதெல்லாம், கடன் திரும்பாவிட்டால் இந்த ஈடு சந்தையில் எவ்வளவுக்கு விலைபோகும் என்பதே. வழக்கமான வீட்டுக்கு விடை எளிது. அருகில் அண்மையில் விற்ற, அதைப் போன்ற வீடுகளின் விலையை வைத்து, வேறுபாடுகளுக்குக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம். விற்று முடிந்த வீடுகள் குறைந்தது மூன்று காட்டப்பட வேண்டும் என்பது, அமெரிக்காவில் கடன் தருவோரிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதி. ஆனால் மாவட்டம் முழுவதும் தேடினாலும் ஒரு கொட்டகைவீடுகூட விற்றிராத ஊர்களில் மதிப்பீட்டாளர் திணறிப்போகிறார். ஒப்பீட்டு வீடு அதே வடிவத்தில்தான் இருக்கவேண்டும் என்று அந்நிறுவனம் வற்புறுத்துவதில்லை. நம்பத்தக்க மதிப்பைச் சொல்லப் போதிய சான்று இருந்தால் வேறு வடிவ வீடுகளோடும் ஒப்பிடலாம். எனினும், வாங்குவோர் அந்த இரு வடிவங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுகிறார்களா என்பதை மதிப்பீட்டாளர்தான் காட்டியாக வேண்டும். கட்டுமானச் செலவைக் கணக்கிட்டுச் சொல்வது துணைக்கு வரும், ஆனால் செலவு வேறு, விலை வேறு. ஓர் உரிமையாளர் ஆசையோடு போட்ட உயரமான பட்டறைக் கதவுக்கு அடுத்தவர் காசு தருவார் என்று எந்த உறுதியும் இல்லை.

பரப்பளவில்தான் பெரும்பாலான சச்சரவுகள் எழுகின்றன. 2022 ஏப்ரல் 1 முதல் ஃபேனி மே தனக்கு வரும் நேரடி ஆய்வு மதிப்பீடுகளுக்கு வீட்டை அளக்க ஒரே தரமுறையை விதித்தது. அதன்படி முடிக்கப்பட்ட அறையின் உயரம் 7 அடியாவது இருக்கவேண்டும், சாய்கூரையின் கீழ் 5 அடிக்குக் குறைந்த பகுதி கணக்கில் சேராது. கொட்டகையின் மேல்தட்டில் அமைக்கும் படுக்கை இடம் பல வேளைகளில் இதில் அடிபடும். 4,000 சதுர அடிக் கூரையின் கீழ் 1,800 அடி குடியிருப்பும் 2,200 அடி பட்டறையும் இருந்தால், குடியிருப்புப் பரப்பு 1,800 மட்டுமே. மதிப்பீட்டு அறிக்கையில் பட்டறையைத் தனியே குறித்து, தனியே மதிப்பிடுவார்கள். உரிமையாளர் 4,000 அடி வீடு என்று நினைத்து வருவதும், அறிக்கையைப் பார்த்துக் கோபப்படுவதும் வியப்பல்ல. பட்டறை தொழிற்கூடமாக இயங்கினாலோ நிலம் பண்ணையாக உழப்பட்டாலோ, அது குடியிருப்புச் சொத்துதானா என்ற கேள்வியும் எழும்.

தமிழில் என்ன சொல்வது? ‘களஞ்சியவீடு’ என்பது பார்னின் வேருக்கு மிக நெருக்கம். ஆயினும் களஞ்சியம் என்றதும் இன்று நெல்லோ நூல்தொகுதியோதான் நினைவுக்கு வரும். தொழுவம் மாட்டை விட்டு நகராது. தூண் நிறுத்திக் கூரை போட்டதைக் கொட்டகை என்கிறோம்; இவ்வீட்டின் கட்டுமான முறையும் அதுவே. கொட்டகை என்றால் நாளை பிரித்துவிடக்கூடியது என்ற எண்ணம் எழுமே என்று சிலர் தயங்கக்கூடும். தயக்கம் நியாயமே, அதனால்தான் ‘வீட்டுக் கொட்டகை’ என்று எழுதக் கூடாது. தமிழில் தலைச்சொல் பின்னால் நிற்கும். ‘கொட்டகைவீடு’ என்றால் அது முதலில் வீடு, கொட்டகை அதன் வடிவம் மட்டும். ஷவுஸுக்குப் ‘பட்டறைவீடு’ பொருந்தும். மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழாக்கும்போது மட்டும் ‘பட்டறைவீட்டின் பரப்பு’ என்று ஒரே எண்ணாக எழுதாமல், குடியிருப்புப் பரப்பு, பட்டறைப் பரப்பு என்று பிரித்தே எழுதவேண்டும்.