முன்பின் தெரியாதவர் செய்த சின்ன உதவி ஏன் இத்தனை வருஷம் மனசில் நிற்கிறது?

அப்பாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, அவரும் யாருக்காகவோ காத்திருந்தவர்தான், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க, பையை நான் பாத்துக்கறேன்" என்றார். போனேன், முகம் கழுவினேன், திரும்பி வந்தேன். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். இது நடந்து 14 வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயர் மறந்துவிட்டது, எந்த மாடி என்பதுகூட மறந்துவிட்டது, அந்த அம்மா சொன்ன அந்த ஒரு வரி மட்டும் குரலோடு அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். வழி தவறியபோது கூடவே நடந்து வந்து காட்டியவர், பொது இடத்தில் அழுதபோது ஒன்றும் கேட்காமல் கைக்குட்டை நீட்டியவர், இப்படி யாராவது. கூடவே இருப்பவர்கள் இதைவிட நூறு மடங்கு செய்திருப்பார்கள், அதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். யார் என்றே தெரியாத ஒருவரின் பத்து நிமிஷம் மட்டும் ஏன் தனியாக நிற்கிறது?

இதில் முதல் பங்கு நம் உடம்பின் நிலைக்கு. பயமோ பதற்றமோ இருக்கும் நேரத்தில் அட்ரீனலின் வகை ஹார்மோன்கள் சுரக்கின்றன. மூளையில் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொண்டு, நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸுக்கு 'இதை அழுத்திப் பதிந்துகொள்' என்று சொல்வதுபோல வேலை செய்கிறது. 1994-ல் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்கா ஆகியோரின் குழு இதை மனிதர்களிடம் சோதித்துக் காட்டியது. ஒரு சிறுவன் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படும் கதையைப் படங்களோடு காட்டினார்கள். அதற்கு முன்பே சிலருக்கு இந்த ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையையும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மனதை உலுக்கிய அந்த நடுப்பகுதி மற்ற பகுதிகளைவிட நன்றாக நினைவிருந்தது. புரோப்ரனலால் சாப்பிட்டவர்களுக்குச் சாதாரணப் பகுதிகள் மற்றவர்கள் அளவுக்கு நினைவிருந்தன, உணர்ச்சிகரமான பகுதிக்குக் கிடைக்க வேண்டிய அந்தக் கூடுதல் பதிவு மட்டும் இல்லை. நாம் நொடிந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அந்நியர்களின் உதவி வந்து சேர்கிறது, அப்போது மூளை ஏற்கெனவே பதிவுக்குத் தயாராகத் திறந்தே இருக்கிறது.

இரண்டாவது பங்கு, எதிர்பார்ப்புக்கு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, அதே சாறு வரும்போது அவை சும்மா இருந்துவிடும். அதாவது டோபமைன் செல்கள் கணக்குப் பார்ப்பது எவ்வளவு கிடைத்தது என்பதை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இருந்த வித்தியாசத்தைத்தான். அம்மா தலையில் கை வைத்தால் அது விலைமதிப்பில்லாதது, ஆனால் எதிர்பார்த்தது. அந்நியரிடம் நமக்கு எந்த எதிர்பார்ப்பும் கிடையாது, அதனால் அவர் செய்வது எல்லாமே வித்தியாசம்தான். இந்த இரண்டு ஆய்வுகளும் அந்நியர்களின் உதவியைப் பற்றி நடத்தப்பட்டவை அல்ல, இரண்டையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நான். ஆனால் அந்த வராந்தாவை நினைத்தால் எனக்கு இது அப்படியே பொருந்துகிறது.

சரி, இது வாங்கியவர் பக்கம். கொடுத்தவர் பக்கம்தான் எனக்கு இதைவிட ஆச்சரியம்.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் ஒரு பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களிடம் சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, 'நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது முன்பின் தெரியாத யாருக்காவது கொடுக்கலாம்' என்றார்கள். கொடுத்தவர்களிடம், வாங்கியவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று கேட்டார்கள். வாங்கியவர்களிடமும் போய் நேரடியாகக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சராசரியில் தெளிவாகக் குறைவு. ஏன் என்று கண்டுபிடிக்க இன்னொரு சோதனை செய்தார்கள். சிலருக்கு ஆய்வில் கலந்துகொண்டதற்காகக் கப்கேக் கிடைத்தது, சிலருக்கு இன்னொருவர் தானாக மனமுவந்து கொடுத்ததால் கிடைத்தது. கேக் ஒன்றுதான், ஆனால் ஒருவர் மனமுவந்து கொடுத்தது என்று தெரிந்தவர்களுக்குச் சந்தோஷம் அதிகம். கொடுப்பவர்களை ஊகிக்கச் சொன்னபோது அவர்களுக்கு இந்த வித்தியாசமே பிடிபடவில்லை.

இதுதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். கொடுப்பவர் பொருளைப் பார்க்கிறார்: ஒரு கோப்பை பானம், பத்து நிமிஷம், ஒரு வார்த்தை, 'இது என்ன பெரிய விஷயம்'. வாங்குபவர் அந்தப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனசைப் பார்க்கிறார், 'என்னை ஒருவர் கவனித்திருக்கிறார்' என்பதைப் பார்க்கிறார். ஒரே செயலை இருவரும் இரண்டு வேறு தராசுகளில் நிறுக்கிறார்கள். வீட்டுக்குள் இந்தப் பிழை திருத்தப்பட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் பத்து வருஷம் கழித்தாவது பிள்ளை வந்து 'அன்றைக்கு நீ செய்தாயே' என்று சொல்லும். அந்நியர்களுக்கு இடையில் அந்த வாய்ப்பே இல்லை. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுகிறார், அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அதனால் தன் மதிப்பீடு தப்பு என்று வாழ்நாள் முழுக்கத் தெரிந்துகொள்ளாமலே, அடுத்த முறை கை நீட்டத் தயங்குகிறார்.

இதே தயக்கம் பேசுவதிலும் இருக்கிறது. சிகாகோ பகுதியில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு சாராரைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் (2014). இன்னொரு சாராரைப் பேசாமல் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. பேசாமல், பேசினால் எப்படி இருக்கும் என்று கற்பனை மட்டும் செய்யச் சொல்லப்பட்டவர்களோ, தனியாக இருப்பதே நன்றாக இருக்கும் என்றார்கள். உதவி கேட்பதிலும் அப்படித்தான். 2008-ல் வெளியான ஃபிராங்க் ஃபிளினின் ஆய்வில், ஒரு கேள்வித்தாளை 5 அந்நியர்களிடம் நிரப்பி வாங்க எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்டதற்கு, சுமார் 20 பேரை என்றார்கள். நேரில் போய்க் கேட்டபோது 10 பேரே போதுமாக இருந்தது. மனிதர்கள் நம்மை மறுத்துவிடுவார்கள் என்ற நம் பயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது!

அப்படியானால் உதவி செய்யாமல் போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? கல் நெஞ்சம் என்று சொல்லிவிடுவது சுலபம். 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் வெளியிட்ட சோதனை அப்படிச் சொல்லவில்லை. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் மாணவர்கள், பேச்சு ஒன்றைப் பதிவு செய்வதற்காக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருக்கிறார், அவர் ஆய்வுக்காக நடிப்பவர். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63% பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். சரியான நேரம், இப்போதே கிளம்புங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 45%. ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10%. அவர்களில் சிலர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. எத்தனை முறை நானே இப்படி வேகமாகக் கடந்து போயிருப்பேன் என்று நினைத்தால் மனசு கனக்கிறது, ஏனென்றால் அவசரத்தில் கண் முன்னால் கிடப்பவர்கூடச் சரியாகப் பதிவதில்லை.

கூட்டம் இருந்தால் யாரும் உதவ மாட்டார்கள் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 1960-களின் ஆய்வுக்கூடச் சோதனைகள் பொய்யல்ல. பலர் இருக்கும்போது ஒரு தனி ஆள் எழுந்து வரும் வாய்ப்பு குறைகிறது என்பதை அவை காட்டின. ஆனால் கீழே கிடப்பவருக்குத் தேவையானது யாராவது ஒருவர் வந்தால் போதும் என்பதுதான். லான்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வில், 91% சம்பவங்களில் சுற்றி நின்றவர்களில் குறைந்தது ஒருவராவது உள்ளே வந்து தலையிட்டிருக்கிறார், ஆட்கள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியிருக்கிறது. அதே வருஷம் வெளியான தொலைந்த பர்ஸ் ஆய்வு இன்னும் பெரியது: 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். பணம் இல்லாத பர்ஸ் என்றால் 40% பேர் சொந்தக்காரரைத் தொடர்பு கொண்டார்கள், பணம் இருந்தால் 51%. பணம் கூடினால் நேர்மை குறையும் என்றுதான் யாருமே நினைப்போம், நடந்தது தலைகீழ். பர்ஸ் கைக்கு வந்தவருக்குப் பயனே இல்லாத, தொலைத்தவருக்கு மட்டும் முக்கியமான ஒரு சாவி உள்ளே இருந்தால்கூடத் திரும்பி வருவது அதிகமாகிறது. அந்தச் சாவி விஷயத்தைப் படித்தபோது சந்தோஷத்தில் எழுந்து நடந்தேன், உண்மையாக.

பரிணாமத்தின் பார்வையில் இது ஒரு புதிர். சொந்த ரத்தத்துக்கு உதவுவது புரிகிறது, திருப்பிச் செய்வார் என்று தெரிந்தவருக்கு உதவுவதும் புரிகிறது. இனி எப்போதும் பார்க்கப்போகாத ஒருவருக்கு ஏன்? 2011-ல் ஆண்ட்ரூ டெல்டனும் சக ஆய்வாளர்களும் கணினியில் நடத்திப் பார்த்த ஒரு மாதிரிச் சோதனையின் மூலம் கொடுத்த விடை எனக்குப் பிடித்திருக்கிறது. எதிரில் நிற்பவரை இனி பார்க்கவே மாட்டோமா, நாளைக்கே பார்ப்போமா என்று எந்த உயிராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இனி பார்க்காதவருக்கு உதவிவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான். நாளை பார்க்கப்போகிறவரை 'இவர் யாரோ' என்று உதறிவிட்டால், நல்ல உறவு ஒன்றின் மொத்தப் பலனும் போய்விடும். இந்த இரண்டு தவறுகளில் சின்னத் தவறைச் செய்யும் சுபாவமே தலைமுறை தலைமுறையாகத் தங்குகிறது, அதனால் அந்நியரிடமும் கனிவாக இருக்கும் குணம் தானாகவே வளர்ந்துவிடும் என்று அந்தச் சோதனை காட்டுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தைகள், கை நிறையப் பொருளோடு வரும் அறிமுகமில்லாத பெரியவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிடுவதை 2006-ல் வார்னகன், டொமசெல்லோ ஆய்வு பதிவு செய்திருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை அது.

ஒருவர் செய்யும் உதவி சங்கிலியாகப் பரவுமா என்பதில் மட்டும் நான் அடக்கி வாசிக்கிறேன். 1972-ல் வந்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், பொதுத் தொலைபேசியில் யாரோ விட்டுப்போனதுபோல ஆய்வாளர்கள் வைத்த ஒரு சில்லறைக் காசு கிடைத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அடுத்த நிமிஷமே வேறொருவருக்கு உதவினார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆய்வுக்கூட விளையாட்டுகளில் பெருந்தன்மை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவுவதைப் பார்த்திருக்கிறார்கள், தெருவில் அது எவ்வளவு தூரம் போகும் என்று அளப்பது கடினம்.

ஆனால் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், தற்கொலை எண்ணத்துக்காகவோ மன அழுத்தத்துக்காகவோ ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்று விட்டுவிட்ட 843 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியினருக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் போயின, 5 வருஷத்துக்கு, வருஷம் நாலு தடவையாவது. ஆஸ்பத்திரியில் அவர்களை ஒரு முறை பேட்டி கண்டிருந்த ஆய்வாளர்தான் எழுதுவார். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம், அவ்வளவுதான் விஷயம். அறிவுரை கிடையாது, கேள்வி கிடையாது, சிகிச்சைக்கு வா என்ற வற்புறுத்தல் கிடையாது. கடிதம் போனவர்களிடம் தற்கொலைச் சாவுகள் குறைவாக இருந்தன, முதல் இரண்டு வருஷத்தில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. 2001-ல் முழு முடிவு வெளியானது.

இந்த யோசனை மோட்டோவுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் அவர் ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போருக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அறிமுகமான ஒரு பெண் அவருக்கு விடாமல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். பெரிதாக ஒன்றும் இருக்காது, அன்றாடக் கதைகள்தான். பதிலுக்கு அந்தப் பெண் எதையும் எதிர்பார்க்கவில்லை.