வைப்ரேஷன் டூரபிலிட்டி டெஸ்ட்: தமிழில் அதிர்வு உழைப்புச் சோதனை

போன மாதம் திருகோணமலையில் உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதியில் போய்க்கொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளின் சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட் முறிந்து கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியது. கராஜில் பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது அடிபட்டு உடைஞ்சதில்ல தம்பி, ஆடி ஆடி உடைஞ்சது" என்றார். முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். முக்கால்வாசி வழுவழுப்பு, அதில் வளைவு வளைவாகக் கோடுகள். மிச்சம் உடைத்த கற்கண்டு மாதிரிச் சொரசொரப்பு. நிலாவெளிக் கரையில் அலை திரும்பிப் போகும்போது மணலில் கோடு விட்டுப் போகுமே, அதே வடிவம். எஞ்சினியர்மாரும் இதை ஆங்கிலத்தில் கடற்கரைக் கோடு என்றுதான் சொல்கிறார்கள். வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்த தடம் அது. சொரசொரப்பு, கடைசியில் ஒரேயடியாக முறிந்த இடம்.

இப்படி ஆடி உடையக்கூடிய சாமானை, வண்டியில் பூட்டுவதற்கு முன்னமே ஆட்டிப் பார்ப்பதுதான் வைப்ரேஷன் டூரபிலிட்டி டெஸ்ட். சிலர் இதை 'அதிர்ச்சிச் சோதனை' என்று எழுதிவிடுகிறார்கள். பிழை. அதிர்ச்சி என்பது 'ஷாக்': குழிக்குள் சில்லு விழுகிற மாதிரி, கண நேரத்தில் வந்து போகிற ஒரு குத்து. அதற்கும் சோதனை உண்டு, ஆனால் அது தனிச் சோதனை. இரண்டு சொல்லுக்கும் வேர் 'அதிர்' ஒன்றுதான். '-வு' சேர்ந்தது ஓயாமல் நடக்கிற ஆட்டத்துக்கும், '-ச்சி' சேர்ந்தது திடுக்கிட வைப்பதற்கும் என்று வழக்கில் பிரிந்துவிட்டது.

அதிர் பழைய சொல். நடுங்குவதும் அதிர்தல், முரசு முழங்குவதும் அதிர்தல். 429ஆம் குறளில் 'எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு' இல்லாதது 'அதிர வருவதோர் நோய்'. வள்ளுவருக்குப் போல்ட்டும் நட்டும் தெரியாது, சரி, ஆனால் வருமுன் காப்பதையும் அதிர்வதையும் ஒரே குறளில் வைத்திருக்கிறார். ஆங்கிலச் சொல்லோ லத்தீன் 'விப்ராரே'யிலிருந்து வந்தது. ஈட்டியைக் கையில் பிடித்து ஆட்டுவதற்கும் அந்த வினைதான். ஆகவே வைப்ரேஷனுக்கு 'அதிர்வு' போதும், புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

சிக்கல் டூரபிலிட்டியில்தான். லத்தீனில் 'டூராரே' என்றால் கெட்டிப்படுவது, நீடிப்பது இரண்டும். 'தாங்குதிறன்' என்று எழுதுகிறவர்கள் கெட்டியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி. 1842 மே 8ஆம் திகதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரிய விபத்து நடந்தது. அதற்குப் பிறகு ஜெர்மன் ரயில்வே எஞ்சினியர் ஆகஸ்ட் வோலர் வருடக்கணக்காக அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, ஒரே தடவையில் உடைப்பதற்குத் தேவையான சுமையை விடக் குறைந்த சுமையே திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று காட்டினார். உலோகக் களைப்பு என்பது இதுதான்.

இந்தக் கால நீட்சியைச் சொல்ல நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. கடையில் செருப்பு வாங்கும்போதுகூட "இது உழைக்குமா?" என்றுதானே கேட்கிறோம்? பழந்தமிழில் உழத்தல் என்றால் வருந்துதல். வருந்தி வருந்தியும் நின்றுபிடிப்பதுதான் உழைப்பு. அதனால்தான் என் தெரிவு 'அதிர்வு உழைப்புச் சோதனை'. 'நீடுழைப்பு' என்று எழுதினாலும் குற்றமில்லை, கொஞ்சம் புத்தக வாசம் அடிக்கும், அவ்வளவுதான்.

சோதனை எப்படி நடக்கும்? கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சு அதிரும் அல்லவா, அதே வேலைதான்: காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச் சுருள், மின்சாரம் மாற மாற அது மேலும் கீழும் ஓடும். ஸ்பீக்கரில் அது காகிதக் கூம்பைத் தள்ளும், இந்த 'ஷேக்கர்' மேசையில் ஹெட்லைட்டையோ சென்சரையோ தள்ளும். கார் உடலில் பூட்டும் மின் சாமானுக்கு ஐஎஸ்ஓ 16750 தரநிலை, 2012 பதிப்பின்படி, மூன்று திசைகளிலும் திசைக்கு 8 மணித்தியாலம் கேட்கிறது. அதுவும் ஒழுங்கான ஆட்டம் இல்லை, 10 முதல் 1000 ஹேர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்குப் பத்துத் தடவை முதல் ஆயிரம் தடவை வரை, எல்லாம் கலந்த தாறுமாறான ஆட்டம். கந்தளாய்ப் பக்கம் உடைந்த உள்வீதியில் ஓட்டோவில் போனவருக்கு ஏன் தாறுமாறு என்று விளக்கவே வேண்டாம், வீதி எங்கே ஒழுங்காகத் தாளம் போடுகிறது!

ஒவ்வொரு சாமானுக்கும் தானாக ஆடுகிற இயல்பான ஒரு வேகம் உண்டு. ஆட்டம் அதோடு ஒத்துப்போனால் சிறிய அசைவும் பலமடங்காகி, வெடிப்பு சீக்கிரமே தொடங்கிவிடும். இதற்கு எங்கள் இலங்கைப் பாடப்புத்தகச் சொல் 'பரிவு'. ஒன்று ஆட மற்றொன்று இரங்கித் தானும் ஆடுவதாக யாரோ நினைத்து வைத்த பெயர், எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல். தமிழ்நாட்டில் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள். அங்குள்ளவர்களுக்கு எழுதும்போது செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்பதைக் குறிக்கும் நம் 'மீடிறன்' என்பதையும் 'அதிர்வெண்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் என்னவென்று கேட்டுக் கடிதம் வரும்.