ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த அறிவியல்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் சிலர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கமிருந்து என்னிடம் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், பிசிக்ஸ்ல ஆரம்பிக்கவா, பயாலஜியிலயா?"

போன மாதம் வந்த அம்மா பட்டியலே போட்டு வைத்திருந்தார். விண்வெளி, ரோபோ, டைனோசர், அணு. பையனுக்கு ஏழு வயது. ஒளிச்சேர்க்கையை மூச்சு விடாமல் ஒப்பித்தான். "வெந்தயம் முளைச்சுப் பாத்திருக்கியாப்பா?" என்றேன். அம்மா முகத்தைப் பார்த்தான்.

இந்தப் பிரிவினையே இப்போதைக்கு வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 10ஆம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிவது 11இல். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழி தரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதவே 14 வயது ஆக வேண்டும். பிறகு ஏழு வயதில் அணுவுக்கு என்ன அவசரம்? அதை அவனால் பார்க்க முடியாது, நாம் சொல்வதை நம்பத்தான் முடியும். நான் முதலில் எடுக்கச் சொல்வது உயிருள்ளவற்றையும் வானத்தையும். இரண்டும் தினமும் மாறும், இரண்டுக்கும் காசு வேண்டாம்.

அவர்களைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனேன். மீன் விற்கும் அக்கா ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டினார். "செவப்பா இருந்தா புதுசு, வெளுத்துப்போச்சுன்னா பழசு கண்ணு." பையன் குனிந்தவன் நிமிரவில்லை. சீப்புப் பல் மாதிரி அடுக்கடுக்காக இருந்த இழைகளை விரலால் தடவினான். ஏன் சிவப்பு என்று கேட்டான். அதற்குள் ரத்தம் ஓடுகிறது, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை மீன் அங்கேதான் எடுத்துக்கொள்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம செவுள் எங்க இருக்கு?" என்றான். இந்தக் கேள்வி ஒன்று போதும், இரண்டு வாரப் பாடத்துக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஏன் கரையிலேயே நிற்கின்றன என்று கேட்டால், மீன் முட்டையிடும் கதைக்கும் அங்கேயே வழி இருக்கிறது.

வானத்துக்கு மொட்டைமாடி போதும். ஒரு குச்சியை நேராக நிறுத்தி, நிழல் முனையை மணிக்கொருமுறை சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி நண்பகலில் அந்த நிழல் காணாமலே போகும். முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். வேதியியல் வேண்டுமென்றால் ஆரத்தித் தட்டு இருக்கிறது: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் ஏன் சிவக்கிறது? சுண்ணாம்பை மட்டும் நீங்களே போடுங்கள், கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும்.

எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கத் தாராளமாகப் போங்கள். ஆனால் சேற்றில் கை வைக்க விடாதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. ஏன் தொடக் கூடாது என்ற காரணத்தைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் அறிவியல்தான்.

அந்த அம்மா நேற்று பையனின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஈரத்துணியில் வைத்த வெந்தயம். "மொத நாள் ஒண்ணும் இல்ல. ரெண்டாம் நாள் வால் வந்துச்சு." வேர் என்று திருத்தட்டுமா என்று கேட்டிருந்தார். மண்ணில் நட்டு, அந்த வால் கீழே இறங்குவதை அவனே பார்க்கும்வரை வாலாகவே இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.