லித்தோகிராஃப்: கல்வெட்டு அல்ல, கல்லச்சு

குவாத்தமாலாவில் பிறந்த ஓவியர் கார்லோஸ் மெரிதா 1943இல் மெக்சிகோவில் வெளியிட்ட தொகுப்பு 'எஸ்தாம்பாஸ் தெல் போபோல் வூ'. போபோல் வூ, குவாத்தமாலாவின் பழங்குடிகளான கிச்சே மாயா மக்களின் படைப்புக் கதை. மண்ணால் ஆன மனிதர் நீரில் கரைந்தனர்; மரத்தால் ஆனவர் நெஞ்சில்லாததால் அழிந்தனர்; மூன்றாவதாக மக்காச்சோள மாவில் மனிதர் பிறந்தனர். 'எஸ்தாம்பா' என்பது ஸ்பானியத்தில் ஒற்றியெடுத்த படம், தமிழில் அச்சோவியம். தொகுப்பில் உள்ள பத்தும் வண்ண லித்தோகிராஃப்.

கிரேக்கத்தில் 'லித்தோஸ்' கல், 'கிராஃபைன்' எழுதுதல். இதைப் பார்த்துச் சிலர் 'கல்செதுக்கு அச்சு' என்று எழுதுகிறார்கள். தவறு. இங்கே உளியே கிடையாது; கல்லின் முகம் கடைசிவரை சமதளம்தான். 1796 வாக்கில் இம்முறையைக் கண்ட அலாய்ஸ் செனஃபெல்டர் இதை 'வேதியியல் அச்சு' என்றே சொல்ல விரும்பினார். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதே இதன் அடிப்படை: கொழுப்பால் வரைந்த இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும்.

பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லைக் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொடியும் நீரும் விட்டுத் தேய்ப்பார்கள்: முதலில் 80ஆம் எண், பிறகு 180, 220 (எண் கூடக்கூடப் பொடி நுண்மையாகும்). கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைந்தபின், சில சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்த்த கருவேலம்பிசின் கரைசலைப் பூசுவார்கள். அமிலம் கூடினால் மெல்லிய சாயல்கள் பொசுங்கும். குறைந்தால் நாலைந்து தாள் அச்சிடுவதற்குள்ளேயே கோடுகளுக்கிடையே மை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை மை உருட்டும் முன்பும் கல்லை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். உலர்ந்த இடத்தில் மை பிடித்து வெள்ளைப் பகுதி அழுக்காகும். வரையும்போது கை பட்டாலும் போச்சு: விரல் பிசுக்கும் அச்சாகிவிடும். படம் இடம் வலம் மாறி விழும் என்பதால் எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். பல வண்ணமென்றால் வண்ணத்துக்கொரு கல் (ஒரே கல்லை அழித்துத் தேய்த்தும் வரையலாம்). தாளைப் பொருத்தும் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்றுத் தெரியும்.

ஆகவே தமிழில் 'கல்லச்சு'. ஜெர்மானியரும் 'ஷ்டைன்ட்ருக்' என்கிறார்கள்: ஷ்டைன் கல், ட்ருக் அச்சு. கல்லுக்குப் பதில் துத்தநாக, அலுமினியத் தகடுகள் வந்தும் லித்தோ என்ற பெயர் மாறவில்லை. அப்படிப்பட்டவற்றைத் 'தகட்டுக் கல்லச்சு' என்றால் சிரிப்பு வரும். 'சமதள அச்சு' என்பதே பொருந்தும்.