சொல் விளக்கம்: வாழிடம்

ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த 'ஹாபிடாட்' என்னும் பெயர்ச்சொல், பிறப்பால் ஒரு வினைமுற்று. இலத்தீன் மொழியில் 'ஹாபிடாட்' என்றால் 'வாழ்கிறது' என்று பொருள். கொண்டிருத்தலைக் குறிக்கும் 'ஹாபேரே' என்ற வினையிலிருந்து, குடியிருத்தலைக் குறிக்கும் 'ஹாபிடாரே' கிளைத்தது. அதன் படர்க்கை ஒருமை வடிவமே இது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலஸ் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' என்ற பெருநூலில், செடிகளை விவரித்துவிட்டு அவை எங்கே வாழ்கின்றன என்பதை ஒரு வரியில் குறித்துச் சென்றார். நம் நாட்டுச் செடிகள் பலவற்றுக்கு 'ஹாபிடாட் இன் இந்தியா' என்று எழுதினார். 'இந்தியாவில் வாழ்கிறது' என்பதே அதன் பொருள். அந்த வரியின் முதல் சொல்லைப் பின்வந்தவர்கள் பெயராக எடுத்து ஆள, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஓர் உயிர் இயல்பாக வாழும் இடம்' என்ற பொருளோடு அது ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு உறைவிடம், இருப்பிடம், வாழ்விடம், வாழிடம் என்று பல சொற்கள் ஆளப்படுகின்றன. உயிரியலுக்கு என் தேர்வு 'வாழிடம்'. வாழ் + இடம் என்பது வினைத்தொகை. வாழ்ந்த இடம், வாழ்கின்ற இடம், வாழும் இடம் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. இலத்தீன் சொல்லில் இருந்த வினை தமிழில் இப்படி உயிரோடு இருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. 'வாழ்விடம்' வாழ்வு என்ற தொழிற்பெயரிலிருந்து வருவது. மனிதர் குடியிருப்புக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றியபோது, ஆங்கிலப் பெயரில் உள்ள ஹாபிடாட்டை வாழ்விடம் என்றே பெயர்த்தார்கள். அதை அப்படியே மக்களுக்கு விட்டுவிட்டு, புழு பூச்சி புள் விலங்குகளுக்கும் செடி கொடிகளுக்கும் வாழிடத்தைக் கொடுப்போம்.

'திணை' என்று சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது மாவும் மரமும் புள்ளும் அதில் வருகின்றன. கூடவே தெய்வமும் பறையும் யாழும் வருகின்றன. திணை வாழிடத்தைவிடப் பெரியது. ஆனாலும் திணையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 'வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம்' என்று எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வயலை மட்டும் சொல்லி நிறுத்தாமல், வயல் சார்ந்த இடத்தையும் சேர்த்துச் சொன்ன இலக்கணம் அது. விளைநிலத்தைச் சுற்றியுள்ள இயற்கை வாழிடம் என்று இன்றைய வேளாண் அறிவியல் நீட்டிச் சொல்வதற்கு, இதைவிடச் சுருக்கமான தமிழ் கிடையாது.

இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை அடங்கிய பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தில் 'வயல்' என்ற சொல் பேச்சில் குறைவு. நெல் விளையும் நன்செய் 'கழனி', மானாவாரி நிலம் 'கொல்லை'. அவற்றைச் சார்ந்த இடங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வரப்பு, உயிர்வேலி, ஏரிக்கரை, தோப்பு, கரடு, மழைக்காலத்தில் மட்டும் மலையிலிருந்து நீர் கொண்டுவரும் கானாறு. அறிவியலின் பார்வையில் இவை ஒவ்வொன்றும் ஒரு வாழிடம்.

இவற்றால் பயிருக்கு என்ன பயன்? வேலூர்க்காரர்களுக்கு விளக்க இலவம்பாடி முள்ளுக் கத்தரியைவிடச் சிறந்த சான்று வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற காய் அது. கத்தரிப் பூவின் மகரந்தப்பை, மற்றப் பூக்களைப்போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் மகரந்தம் அந்தத் துளை வழியாகக் கொட்டும். காற்று ஓரளவு அசைக்கும். நன்றாக அதிர வைப்பவை, கருவண்டு என்று நாம் பொதுவாகச் சொல்லும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீல வரிகள் ஓடும் நீலப்பட்டைத் தேனீயும்தான். பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, இறகுகளை இயக்கும் தசைகளை உடல் முழுதும் நடுங்கும்படி முடுக்குகின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆகவே தேன்பெட்டி வாங்கி வைப்பதால் மட்டும் கத்தரிக்கு இந்த உதவி கிடைத்துவிடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கத்தரிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. பறப்பதற்கான இனிப்பை அந்தத் தேனீக்கள் வேறெங்காவது குடித்தாக வேண்டும். வேலியோரத்து எருக்கிலும் துளசியிலும் வரப்புத் தும்பையிலும் குடிக்கின்றன. குடியிருப்பும் வெளியேதான். தச்சுத் தேனீ காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து கூடு வைக்கும். நீலப்பட்டைத் தேனீ வரப்பின் மண்ணிலும் மண்சுவரிலும் துளையிட்டு வாழும். தோட்டத்தின் நான்கு ஓரத்தையும் களைக்கொல்லி தெளித்து வெறுந்தரையாக்கி, பட்ட மரத்தையும் வெட்டிவிட்டால், கத்தரிச் செடி எத்தனை பூத்தாலும் அதிர வைக்கும் கூட்டம் குறைந்துபோகும். கழனி சார்ந்த இடம் கழனிக்குள் செய்யும் வேலை இது.

நெல்லுக்கு வேறு கணக்கு. அறுவடை முடிந்து ஏர் ஓட்டும்போது, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி போன்றவை தங்க இடமின்றி வரப்புப் புல்லுக்கு ஏறிவிடுகின்றன. அடுத்த நடவு முடிந்ததும் அங்கிருந்துதான் இறங்கி வருகின்றன. இந்த வகைத் தற்காலிகத் தங்கலுக்குப் 'புகலிடம்' என்ற சொல் பொருந்தும். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ விதைக்கச் சொல்வதற்கு, கூடுதல் வருமானத்தோடு இதுவும் ஒரு காரணம்.

நம் பறவைப் பெயர்கள் சில, வாழிடத்தைத் தாமே சொல்லிவிடுகின்றன. பனங்காடை, பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடும். வெட்டுக்கிளியும் வண்டும் அதன் உணவு. பனை உழவாரன் பனையோலையில் கூட்டை ஒட்டிவைத்து, பறக்கும் சிறு பூச்சிகளைக் காற்றிலேயே பிடிக்கும். செடிகளில் வேலிப்பருத்தி இருக்கிறது. ஏரிக்கரையில் நம் முன்னோர் வரிசையாக வைத்த பனை, வேரால் கரையைப் பிடித்துக்கொண்டு தலையில் இத்தனை பேருக்கு இடம் கொடுத்தது. செங்கல் சூளைக்கு அதை வெட்டி அனுப்பியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வாழிடம் என்றாலே நன்மை என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. மானாவாரி நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, மழை விழுந்ததும் அந்துப்பூச்சியாக எழுகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து மலையடிவார விவசாயிகள், ஆந்திர எல்லையில் உள்ள கவுண்டன்யா காட்டிலிருந்து இறங்கும் யானைகளிடம் வாழையையும் மாமரத்தையும் பறிகொடுத்து நிற்கிறார்கள். அவர்களிடம் போய்க் காட்டின் பயனை வகுப்பெடுப்பது நியாயமில்லை. இழப்பீடு உரிய நேரத்தில் கைக்கு வந்து சேர வேண்டும். காப்புக்காடும் ஒரு வாழிடம், வரப்புத் தும்பையும் ஒரு வாழிடம்; இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது எதைச் சொல்கிறோம் என்பதை அடைமொழியால் தெளிவாக்க வேண்டும்.

பச்சையாக இருப்பதெல்லாம் நல்ல வாழிடமும் இல்லை. பாலாற்றுப் படுகையிலும் ஏரிகளிலும் மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்துக்கு இந்தப் பக்கத்தில் 'வேலிக்காத்தான்' என்று பெயர். வேலிக்குக் காவலாக வந்தது, வேலியில் இருந்த கள்ளி, நொச்சி, ஆடாதொடை, கோவைக்கொடி அத்தனையையும் விரட்டித் தானே வேலியாகிவிட்டது. பல செடி பல பருவத்தில் பூத்த இடத்தில் இப்போது ஒற்றை மரம்.

வருவாய்த்துறை ஏட்டில் இந்த இடங்களில் பலவற்றுக்குப் 'புறம்போக்கு' என்று பெயர்: ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே வைத்த பொது நிலம் என்பதே அதன் பொருள். வரி வராத நிலம் பயன்படாத நிலமாக எண்ணப்பட்டு, பின்னர் ஆளைத் திட்டும் வசையாகவும் அந்தச் சொல் கீழிறங்கியது. கழனிக்குச் சிலந்தியையும் கத்தரிக்குத் தேனீயையும் வளர்த்துக் கொடுத்த நிலம் அது. 1989-இல் வடஆர்க்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. எல்லைகள் மாறினாலும் ஏட்டில் அந்தப் பெயர் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பயனற்ற நிலமாகக் கருதி வளைத்துப்போடும் வழக்கமும் மாறவில்லை.

ஆளும் முறை: பொதுவாக ஹாபிடாட் என்பதற்கு வாழிடம், அதன் அழிவுக்கு வாழிட இழப்பு, சாலையும் மனைப்பிரிவும் குறுக்கே வந்து வெட்டுவதற்கு வாழிடத் துண்டாடல். மனிதருக்கு வாழ்விடம். அறுவடைக்கும் நடவுக்கும் இடையில் பூச்சிகள் ஒதுங்குவதற்குப் புகலிடம். விளைநிலத்தைச் சுற்றியுள்ள இயற்கைப் பகுதிக்கு 'வயல் சார்ந்த வாழிடம்'. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் விவசாயிகளுக்கு எழுதும் துண்டறிக்கையில், நன்செய்க்குக் 'கழனி சார்ந்த வாழிடம்' என்றும் மானாவாரிக்குக் 'கொல்லை சார்ந்த வாழிடம்' என்றும் போட்டால், படிப்பவருக்கு எந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும்.