நீளமே இல்லாத வெக்டருக்கு எந்தத் திசை?

ஒரு வெக்டரை அதன் நீளத்தால் வகுத்தால் அதே திசையில் நீளம் 1 உள்ள ஓரலகு வெக்டர் கிடைக்கும். இதைத்தான் நார்மலைஸ் செய்வது என்கிறோம். (3, 4) என்றால் நீளம் 5, விடை (0.6, 0.8). பள்ளிப் பாடம்தான். ‘பூச்சியமற்ற வெக்டர்’ என்ற நிபந்தனையும் அந்தப் பாடத்திலேயே உண்டு. நிரல் எழுதும்போது அதுதான் விட்டுப்போகிறது.

மற்றவர்கள் எழுதிய விளையாட்டு நிரல்களைச் சரிபார்க்கும்போது நான் அடிக்கடி பார்ப்பது இது. எதிரி, வீரனைத் துரத்துகிறான். வீரன் இருக்கும் இடத்திலிருந்து தன் இடத்தைக் கழித்து, நார்மலைஸ் செய்து, வேகத்தால் பெருக்கி நகர்கிறான். இருவரும் ஒரே புள்ளிக்கு வந்துவிட்டால் கழித்து வருவது (0, 0, 0). 0-ஐ 0-ஆல் வகுத்தால் மிதவைப் புள்ளிக் கணக்கில் (கணினி தசம எண்களைக் கையாளும் முறை) நிரல் பெரும்பாலும் நிற்காது. ‘எண் அல்ல’ என்ற மதிப்பைத் தந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நின்று தொலைத்தாலாவது பரவாயில்லை! அதை இடத்தோடு கூட்டியதும் இடமும் ‘எண் அல்ல’. எதிரி திரையிலிருந்து காணாமல் போவான். தூரம் 1-ஐவிடக் குறைவா என்றால் இல்லை, அதிகமா என்றாலும் இல்லை. தனக்குத்தானே சமமா என்றால்கூட இல்லை என்றே பதில் வரும். பிழை ஓரிடம், அறிகுறி வேறிடம்.

உறுப்புகள் மூன்றும் 0-ஆ என்று பார்த்தால் போதுமா? போதாது. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 10⁻²³-ஐ வர்க்கப்படுத்தினால் 10⁻⁴⁶. அங்கே கொள்ளும் மிகச் சிறிய எண்ணே ஏறத்தாழ 1.4 × 10⁻⁴⁵. ஆகவே வெக்டர் பூச்சியமில்லை, கணக்கில் வரும் நீளம் மட்டும் பூச்சியம். நீளத்தைத்தான் ஒரு சிறு வரம்போடு ஒப்பிட வேண்டும்.

நிரல் நூலகங்கள் ஒன்றுபோல நடப்பதில்லை. விளையாட்டு உருவாக்கும் கருவியான யூனிட்டி மிகச் சிறிய வெக்டருக்குப் பூச்சிய வெக்டரையே திருப்பித் தரும். இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச், வகுக்கும் எண் 10⁻¹²-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் நாமே வகுத்தால் ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

வகுக்கும் எண்ணோடு சின்ன எண் ஒன்றைக் கூட்டிச் சமாளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்போதும் கிடைப்பது பூச்சிய வெக்டர்தான். அதன் நீளம் 1 என்று நம்பி அடுத்த வரி கோணம் கணக்கிட்டால், பூச்சிய வெக்டருக்கு 90 பாகை என்று விடை வரும். பார்வைக்குச் சரியான எண், முழுப் பொய்.

என்ன செய்வது என்பதை நார்மலைஸை அழைக்கும் நிரல் பகுதிதான் சொல்ல முடியும். துரத்துபவன் அந்த ஃபிரேமில் நகராமல் இருக்கலாம். முகம் பார்க்கும் திசை என்றால் முந்தைய திசையே தொடரட்டும். பரப்பில்லாத முக்கோணத்தின் செங்குத்து என்றால் முக்கோணத்தையே விட்டுவிடலாம். அதனால்தான் திசை கிடைத்ததா இல்லையா என்பதையும் சேர்த்துத் திருப்பித் தரும்படி நார்மலைஸ் ஃபங்ஷனை எழுதச் சொல்கிறேன்.